கரைவலையும் சீமெந்துத் தரையும்: தற்கால நடனச் செயன்முறைக்கு ஆயத்தமாவது

தற்கால நடனச் செயன்முறைப் பரீட்சையில் தனி ஆக்கத்துக்கு ‘உடலும் நினைவும்’ என்று தலைப்பு வந்தால், பரதம் படித்த பிள்ளைகள் உடனே கதை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அம்மம்மா, கடல், கண்ணீர், கடைசியில் ஒரு கைகூப்பல். முகம் மட்டும் வேலை செய்யும், உடல் சும்மா நிற்கும்.

கதையை விட்டு ஒரு வேலையை எடுங்கள். திருகோணமலையில் கரைவலை, அதாவது கரையில் நின்று பலர் கயிற்றால் இழுக்கும் மீன்வலை, ஒன்றே போதும். வாடைக்காற்று தொடங்கிக் கடல் குழம்ப முன்னர், கரைவலை இழுக்கும் இடத்துக்கு விடியவே போய் ஒரு மணித்தியாலம் பாருங்கள். கையை அல்ல, குதிக்காலைப் பாருங்கள். அது மணலில் புதைந்திருக்கும். உடல் பின்னுக்குச் சாய்ந்திருக்கும். ஆளை விழாமல் பிடித்திருப்பது கயிற்றின் பாரம்தான்.

மண்டபத்தில் மணலும் இல்லை, கயிறும் இல்லை. அதே சாய்வைச் சீமெந்தில் செய்தால் விழுவீர்கள். பயந்து நிமிர்ந்தால் பொய்யாகத் தெரியும். அதற்கு ஒரு வழி உண்டு. பழைய சேலையொன்றை முறுக்கி, மறுமுனையைத் தோழியிடம் கொடுத்து, இருவரும் சாய்ந்து 10 தரம் இழுங்கள். பிறகு சேலையை வைத்துவிட்டு உடனே தனியாகச் செய்யுங்கள். இல்லாத பாரத்தை முதுகும் தொடையும் கொஞ்ச நேரம் தேடும். தலைப்புக் கேட்கும் நினைவு அதுதான். இதில் பரதத்தின் அரைமண்டிப் (முழங்காலை வெளிப்புறமாக மடித்துப் பாதி அமரும் நிலை) பழக்கம் குறுக்கே வரும்: முழங்கால்கள் பக்கவாட்டில் திறந்துவிடும். அவை பாதம் பார்க்கும் திசையிலேயே மடியட்டும், நேர்முதுகையும் தளர்த்துங்கள்.

அடுத்து வினைச்சொற்களை எழுதுங்கள்: இழு, விடு, புதை, சுற்று, காத்திரு. ஒவ்வொன்றையும் 20 தரம் செய்யுங்கள். களைப்பில் அசைவு மாறத் தொடங்கும் இடத்தைக் குறித்து வையுங்கள். நல்ல பகுதி பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். பிறகு கையின் வேலையைத் தோட்பட்டைக்கும் விலாவுக்கும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அது வெறும் பாவனை. ஜேர்மனிய நடன ஆக்குநர் பீனா பவுஷ் தன் நடனக்காரரிடம் கேள்வி கேட்டு, அவர்கள் கொடுத்த விடைகளிலிருந்து ஆக்கங்களைக் கட்டினார். இந்திய நடன ஆக்குநர் சந்திரலேகா 1985 இல் ‘அங்கிகா’ என்ற ஆக்கத்தில் பரதத்தோடு யோகத்தையும் களரி என்ற கேரளத் தற்காப்புக் கலையையும் சேர்த்தார். வாய்மொழிக் கேள்விக்கு இந்த இரண்டும் உதவும், ஆனால் உங்கள் அசைவோடு தொடுத்துச் சொன்னால் மட்டுமே.

பின்னணிக்கு, வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டைப் போடாதீர்கள். இழுக்கும் வேலையைப் பாட்டே செய்துவிடும். மூச்சும் பாதச் சத்தமும் போதும்.

2004 ஆழிப்பேரலையைத் தொட விரும்புவோர், மற்றவரின் இழப்பைக் கேட்டு எடுப்பதானால் அவர்களின் சம்மதத்தோடு எடுங்கள். பயிற்சியில் உங்களுக்கே நிறுத்த முடியாமல் போகும் நினைவு பரீட்சைக்கு ஏற்றதல்ல.

போனை இடுப்பளவு உயரத்தில் வைத்து, பாதமும் தெரியப் பதிவு செய்யுங்கள். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் உருளும் பகுதி வரமுன்னரே தரையில் வியர்வை தேங்கிவிடும். ஆகையால் உருளல்களை ஆக்கத்தின் தொடக்கத்திலேயே போடுங்கள், ஒற்றைக்கால் நிலைகளை அந்த ஈரம் இல்லாத பக்கத்துக்கு நகர்த்துங்கள்.