ஜனவரி 7-ஐத் தாண்டும் பாயிண்ட் கார்டுகள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் அணி ஒன்றுக்கு 15 நிரந்தர இடங்கள். காயம் மலிந்து ஆள் பற்றாக்குறை வந்தால் முதலில் காலியாவது பெரும்பாலும் மூன்றாவது பாயிண்ட் கார்டின் (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்) இடம். அந்த இடத்தை நம்பியே பத்துப் பன்னிரண்டு வருடம் ஆடியவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இஷ் ஸ்மித்தை 2010 டிராஃப்டில் (புதியவர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) யாரும் எடுக்கவில்லை. அவர் 13 அணிகளுக்கு ஆடினார். அது லீக் சாதனை. 13-வது அணியான டென்வரில் 2023 சாம்பியன் பட்டமும் கிடைத்தது.

இவர்களுக்குத் தேதிகள் மனப்பாடமாக இருக்க வேண்டும். உத்தரவாதமில்லாத ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஜனவரி 10 அன்று அந்த சீசனின் மீதிச் சம்பளம் உறுதியாகிவிடும். விடுவிக்கப்படும் ஆட்டக்காரர் 48 மணி நேரம் வேய்வர்ஸில் (வேறு அணி எடுத்துக்கொள்ளக் காத்திருக்கும் பட்டியல்) இருந்தாக வேண்டும். அதனால் கழற்றிவிட நினைக்கும் அணி 7-ஆம் தேதிக்குள் முடித்துவிடும். ஜனவரி 5 முதல் பத்து நாள் ஒப்பந்தங்கள் தொடங்கும்: பத்து நாள் அல்லது மூன்று ஆட்டம், எது அதிகமோ அது. ஒரே அணியில் ஒரு சீசனுக்கு இரண்டு முறைதான். அதற்குப் பிறகும் ஆள் வேண்டுமென்றால் சீசன் முடியும்வரை ஒப்பந்தம் போட வேண்டும். கெவின் ஆலி இப்படிப் பத்து நாள் பத்து நாளாக ஆரம்பித்து 13 சீசன் ஓட்டினார்.

பத்து நாளில் என்ன காட்ட முடியும்? அதிரடியாகப் புள்ளி குவிக்கலாம் என்று இறங்குகிறவர் சீக்கிரமே ஊர் திரும்புவார். கோச் பார்ப்பது வேறு. கிடைக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பந்து பறிபோகக் கூடாது, மற்ற நால்வரும் சரியான இடத்தில் நிற்க வேண்டும். முதல் நாளே பிளேபுக் (அணியின் ஆட்டத் திட்டங்கள்) முழுவதையும் விழுங்கப் பார்ப்பது வீண். பக்கக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறியும் இன்பவுண்ட் ஆட்டங்கள் இரண்டு, ஹார்ன்ஸ் அமைப்பில் (உயரமானவர் இருவர் ஃப்ரீ த்ரோ கோட்டின் இரு முனைகளில், வேறு இருவர் மூலைகளில்) தொடங்கும் ஆட்டங்கள் சில, அணியின் முக்கிய ஷூட்டருக்குப் பந்து போகும் வழி, இவை போதும். கால் பகுதி முடிய 35 விநாடி இருக்கும்போது பந்து கையில் வந்தால், 28-30 விநாடி மிச்சமிருக்கையிலேயே ஷாட் போய்விட வேண்டும். ஒரு ஷாட்டுக்கு அனுமதிக்கப்பட்ட 24 விநாடியை எதிரணி முழுவதும் தின்றாலும் கடைசிப் பந்து நமக்குத்தான்.

புதியவர் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் தடுப்பாட்டத்தில். பக்கவாட்டில் ஸ்கிரீன் (எதிரணி ஆள் குறுக்கே நின்று கார்டை மறிப்பது) வரும்போது பின்னாலிருந்து சென்டர் (கூடையருகே ஆடும் உயரமானவர்) “ஐஸ்” என்று கத்துவார். கார்டு உடனே பந்து வைத்திருப்பவருக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவில் உடம்பை நுழைத்து, அவரை பேஸ்லைன் (கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடு) பக்கமே போகவிட வேண்டும். சென்டர் அங்கே காத்திருப்பார். பழைய அணியின் பழக்கத்தில் கார்டு நேர் எதிரே நின்றுவிட்டால், பந்து ஸ்கிரீனை ஒட்டி நடுப்பகுதிக்குப் பாயும். சென்டர் தவறான பக்கத்தில் நிற்பார், கூடை வரை பாதை திறந்து கிடக்கும். டிவியில் பார்ப்பவர்கள் சென்டரைத் திட்டுவார்கள். தவறு யாருடையது என்று கோச்சுக்குத் தெரியும்.

ஷூட்டிங் வராத கார்டு என்றால் எதிரணி ஸ்கிரீனுக்குப் பின்பக்கமாகப் புகுந்து வழியை அடைத்துவிடும். ஷான் லிவிங்ஸ்டன் இதற்கு விதிவிலக்கு. 2007-இல் முழங்கால் சிதைந்து, பல அணிகள் சுற்றி வந்தவர். மூன்று புள்ளி ஷாட்டை அநேகமாகத் தொடவே மாட்டார். குள்ளமான கார்டுகளை முதுகால் தள்ளிக்கொண்டு போய், மேலே எழும்பிப் போடும் நடுத்தூர ஷாட்டை வைத்தே கோல்டன் ஸ்டேட்டில் மூன்று பட்டம் வென்றார்.

காகித வேலையில் சறுக்கினால் திறமை காப்பாற்றாது. 2003-இல் மயாமியின் அந்தோணி கார்ட்டருக்கு 41 லட்சம் டாலர் மதிப்புள்ள பிளேயர் ஆப்ஷன் (அடுத்த சீசனும் ஒப்பந்தத்தைத் தொடரும் உரிமை) இருந்தது. ஏஜென்ட் தரப்பு கெடு தேதிக்குள் கடிதம் கொடுக்கவில்லை. கார்ட்டர் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு சான் அன்டோனியோ போனார். சம்பள வரம்பில் இதனால் மிச்சமான இடத்தைக் கொண்டு மயாமி லமார் ஓடமை வாங்கியது. ஏஜென்ட் பின்னாளில் தவணையாக ஈடு கட்டினார். ஆப்ஷன் தேதியை ஆட்டக்காரரும் குறித்து வைத்துக்கொண்டு, கடிதம் போய்ச் சேர்ந்த அத்தாட்சியைக் கேட்டு வாங்குவது நல்லது.

வெளிநாட்டு லீக் என்றால் ஆட்டம் 40 நிமிடம், மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர். கை பழக அதிக நாள் ஆகாது. சம்பளம் இழுபடுவதுதான் தொல்லை. உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்ற ஷரத்து ஒப்பந்தத்தில் இருந்தால்தான் அங்கே வழக்கு எடுபடும். சீசன் முடிந்து என்பிஏ கூப்பிட்டாலும், அந்நாட்டுக் கூட்டமைப்பின் விடுவிப்புக் கடிதம் கைக்கு வராமல் சேர முடியாது. பிப்ரவரி, மார்ச்சில் அழைப்பை எதிர்பார்ப்பவர் அந்தக் கடிதம் எத்தனை நாளில் தரப்படும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.