கி-20 மாடல்: இடது இறக்கை முடிந்தது

நான் செய்துகொண்டிருக்கும் கி-20 என்ற பழைய ஜப்பானியக் குண்டுவீச்சு விமான மாடலின் இடது இறக்கை, நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு ஒருவழியாக முடிந்தது. மேசையில் வைத்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்தேன். மேற்பரப்பு முழுக்க வரிவரியாக நிழல் விழுந்தது. இந்த ஒரு காட்சிக்குத்தான் ஏழு வாரம் உழைத்தேன்.

1929இல் முதலில் பறந்த யுங்கர்ஸ் ஜி.38 என்ற ஜெர்மன் பயணிகள் விமானம்தான் கி-20க்கு மூலம். அதன் குண்டுவீச்சு வடிவத்தை உரிமம் வாங்கி, ஜப்பான் தரைப்படைக்காக மிட்சுபிஷி கட்டியது. முதல் விமானம் 1931இல் பறந்தது. ஜப்பானியப் பேரரசு ஆண்டு 2592இல், அதாவது 1932இல், சேர்க்கப்பட்டதால் ‘92ஆம் வகை’ என்று பெயர். மொத்தமே ஆறு. ஜெர்மனியில் ஜி.38 இரண்டுதான் கட்டினார்கள்! தைவானிலிருந்து கிளம்பி, பிலிப்பைன்ஸில் அமெரிக்கர்களின் கொரெஹிடோர் கோட்டையைத் தாக்குவது திட்டம். பல வருடம் ரகசியமாக வைத்திருந்து, 1940இல் டோக்கியோ வானில் பறக்கவிட்டபோது அதன் காலமே முடிந்திருந்தது. கடைசிவரை ஒரு போரையும் பார்க்கவில்லை.

என்னைப் பிடித்து இழுத்தது அந்த இறக்கை. நுனிக்கு நுனி 44 மீட்டர். உடலோடு சேரும் இடத்தில் ஒன்றரை மீட்டருக்கும் மேல் தடிமன். பறக்கும்போதே ஆட்கள் இறக்கைக்குள் போய் என்ஜினைக் கவனிக்கலாம். 72இல் ஒரு பங்காகக் குறைத்தாலும் 61 செ.மீ. வருகிறது. எங்கள் ஷோகேஸில் குறுக்காகத்தான் நிற்கும்.

பால்சா மரத்தில் இறக்கையை இழைத்தது சிரமமாக இல்லை. நிஜ விமானத்தின் மேலே போர்த்தியிருந்த நெளிந்த உலோகத் தகட்டை மாடலில் கொண்டுவருவதுதான் பாடாய்ப் படுத்தியது. யுங்கர்ஸ் பாணியில் அந்த நெளிவுகள் முன்னிருந்து பின்னாக ஓட வேண்டும். முதலில் சமையலறை அலுமினியத் தாளைப் பேன் சீப்பின் மேல் வைத்து ரப்பரால் தேய்த்தேன். வரி அழகாக விழுந்தது. ஆனால் சீப்பின் பல் இரண்டு செ.மீ. நீளம்தான். நகர்த்தி நகர்த்தித் தேய்த்ததில் வரிகள் ஒன்றோடொன்று சேரவில்லை. மூன்று வாரத்து வேலையைப் பிய்த்துப் போட்டேன்.

அப்புறம்தான் மோட்டார் வைண்டிங் கம்பி ஞாபகம் வந்தது. 15 செ.மீ. அகலப் பலகை ஒன்றில் அரை மில்லி கம்பியை இடைவெளி விடாமல் சுற்றி, இரண்டு முனையையும் பசை போட்டு நிறுத்தினேன். அச்சு தயார். தாளை அதன் மேல் பரப்பித் தேய்த்தால், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை வரி அறாமல் வருகிறது.

ஒட்டும்போது விரலால் அழுத்தக் கூடாது, நெளிவு நசுங்கிவிடும். ஃபெவிக்காலைத் தண்ணீர் விட்டு இளக்கி மரத்தில் பூசி, பிசுபிசுப்பு வந்ததும் தாளை வைத்து, பழைய மேக்கப் பிரஷ்ஷால் மெல்லத் தட்டினேன். ஓரங்களில் மட்டும் நகத்தால் மடித்தேன்.

அடுத்தது வலது இறக்கை. இடது பக்கம் தாளை ஒட்டிய பிறகு என்ஜின்களுக்குத் துளை போட்டதில் இரண்டு இடத்தில் கிழிந்து, ஒட்டுப் போட வேண்டியதாயிற்று. இந்த முறை மரத்திலேயே துளையைப் போட்டுவிட்டு, அதற்கு மேல்தான் தாள். ஈரடுக்கு வாலை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.