அடுத்தவர் பாக்கெட்டை யார் சுமப்பது?

அட்-ஹாக் நெட்வொர்க்கில் டவரும் இல்லை, ரூட்டரும் இல்லை. ஒரு கருவி அனுப்பும் தரவுத் துண்டை, அதாவது பாக்கெட்டை, வழியில் இருக்கும் மற்ற கருவிகள்தான் கை மாற்றி அனுப்ப வேண்டும். செலவாவது அவற்றின் சொந்த பேட்டரி. அப்புறம் எதற்கு உழைப்பானேன் என்று சில ஒதுங்கிக்கொள்ளும். வழி தேடும் செய்தியையே மேலே அனுப்பாமல் விட்டால் போதும், எந்தப் பாதையிலும் அவற்றின் முகவரி வராது. இன்னும் சில, பாதைக்குச் சம்மதித்துவிட்டு, வந்த பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும்.

இந்த இரண்டாம் வகையைப் பிடிக்க 2000-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வாட்ச்டாக் என்ற முறையைச் சொன்னார்கள். நெட்வொர்க் சோதனை வேலையில் நான் அதிகம் மல்லுக்கட்டியது அதோடுதான். பாக்கெட்டைக் கொடுத்த கருவி ஒரு நகலை வைத்துக்கொண்டு, வாங்கியது அதை மேலே அனுப்புகிறதா என்று காது கொடுத்துக் கேட்கும். குறித்த நேரத்துக்குள் கேட்கவில்லை என்றால் ஒரு புள்ளி ஏறும். புள்ளிகள் வரம்பைத் தாண்டினால் குற்றவாளி.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் லாக்கை, அதாவது கருவிகள் எழுதிவைக்கும் பதிவை, வரிவரியாகப் பார்த்தால் கதை வேறு. வாங்கிய கருவி ஒழுங்காக அனுப்பியிருக்கும். அதே நேரம் வேறொரு பக்கத்திலிருந்து வந்த சிக்னல் மோதியதால் கொடுத்த கருவியின் காதில் விழுந்திருக்காது. பழி உழைத்தவன் தலையில். மாறாக, பவரைக் குறைத்து, கொடுத்தவருக்குக் கேட்கும், அடுத்தவருக்கு எட்டாது என்ற அளவில் அனுப்பும் தந்திரக்காரக் கருவி நல்ல பெயரோடு தப்பிவிடும்.

பிடிபட்டாலும் தண்டனை என்ன? வாட்ச்டாக்கோடு சேர்ந்து வந்த பாத்ரேட்டர் என்ற முறை அந்தக் கருவியைத் தவிர்த்து வேறு பாதை போடும், அவ்வளவுதான். அதன் சொந்த பாக்கெட்டுகளை மற்றவை வழக்கம்போலச் சுமக்கும். வேலை செய்யாதவனுக்கு விடுமுறை, சம்பளமும் உண்டு! 2002-இல் வந்த கான்ஃபிடன்ட் என்ற முறை இதைச் சரிசெய்ய, சுமக்காதவருக்குச் சுமக்காதே என்றது. நக்லட் முறை, சுமந்தால் வரவு, சொந்த பாக்கெட்டை அனுப்பினால் செலவு என்றது. அதில் ஓரத்தில் கிடக்கும் கருவி பாவம். யாரும் அதன் வழியாகப் போவதில்லை, சம்பாதிக்க வாய்ப்பே இல்லை.

நடுவில் இருப்பதன் பாடு இன்னும் மோசம். எல்லாப் பாதையும் அதன் மேல் விழும், பேட்டரி முதலில் தீரும், அதுவும் ஒருகட்டத்தில் பாக்கெட்டைக் கீழே போட ஆரம்பிக்கும். லாக்கில் பார்த்தால் சுயநலக் கருவிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் எங்கள் சோதனை அறிக்கையில், கீழே போட்ட பாக்கெட் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் மீதி பேட்டரிக்கும் சுமந்த பாக்கெட்டுகளுக்கும் தனி நெடுவரிசைகள் சேர்த்துக்கொண்டோம். இப்போது முதலில் கண் போவது அங்கேதான்.