கிணறு: ஆம்

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பிரதேச செயலகத்தில நான் அபிவிருத்தி உத்தியோகத்தரா இருக்கேக்க நடந்தது இது. எஸ்டிஜி, எஸ்டிஜி எண்டு சொல்லுறம்தானே, நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள், 2015 செப்டெம்பரில ஐ.நா.வில எல்லா நாடும் ஓம் எண்ட 17 இலக்கு, 169 உப இலக்கு, 2030க்குள்ள முடிக்கோணும். எங்கட நாட்டில 2017இல 19ஆம் இலக்கச் சட்டம் போட்டு அதுக்கெண்டு ஒரு சபையும் வைச்சு, 2018இலயும் 2022இலயும் ஐ.நா.வுக்கு அறிக்கையும் குடுத்தாச்சு. இவ்வளவும் இறங்கி இறங்கி எங்களிட்ட வரேக்க ஒரு ஏ4 போர்ம்.

6ஆவது இலக்கு தண்ணி. "வளவுக்குள் பாதுகாக்கப்பட்ட கிணறு உண்டா? ஆம் / இல்லை." நாளைக்கு இருவது வீடு முடிக்கோணும், மோட்டசைக்கிள்ள போறன், மீள்குடியேறின கையோட கட்டின கிணறுகள், கட்டும் இருக்கு மூடியும் இருக்கு, நானும் ஆம், ஆம் எண்டு கீறிக்கொண்டே போறன்.

ஒரு ஆச்சி வீட்டில போர்மின்ர தலைப்பை வாசிக்க, "நிலைபேறு எண்டால் நிலைச்சு நிக்கிறதோ மோனை? நாங்கள் சண்டைக்க மாத்தளன் மட்டும் எத்தினை இடம் எழும்பினனாங்கள்" எண்டு சிரிச்சா. நான் கதையை மாத்த, கிணத்துத் தண்ணி எப்பிடி எண்டு கேட்டன். அவ ஒண்டும் சொல்லேல்லை, குசினிக்க போய் கேத்தலைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து காட்டினா. உள்ளுக்கு வெள்ளையா, முட்டைக்கோது மாதிரி ஒரு படை. "உது குளிக்க, தோய்க்க. குடிக்கிறதுக்குப் பேரன் சைக்கிள்ள பில்டர் தண்ணி எடுத்து வருவான், கரண்ட் இல்லாட்டி அதுவும் இல்லை."

பேந்து எனக்குக் குடைஞ்சு கொண்டே இருந்தது, இரவு போனில தேடி, அந்தத் தண்ணி இலக்கை அளக்கிற 6.1.1 எண்ட சுட்டியை வாசிச்சன். அதில கேக்கிறது *குடிக்கிற* தண்ணியைப் பற்றி: வளவுக்குள்ள இருக்கோ, தேவைப்படேக்க கிடைக்குதோ, கிருமி, ஆசனிக், புளோரைட் இல்லையோ எண்டு. கேத்தலில படிஞ்ச கல்சியத்தைப் பற்றி அதிலயும் கதை இல்லைதான். ஆனா அவங்கள் குடிக்கிற தண்ணியைத்தான் கேட்டிருக்கிறாங்கள், நடுவில எந்த மேசையில அது கிணறா மாறினதெண்டு ஆருக்குத் தெரியும்! நானும் அந்த மேசைகளில ஒண்டுதானே, அதுக்கு முதல் எத்தினை ஆம் போட்டிட்டன்.

ஆச்சியின்ர போர்மில மட்டும் ஓரத்தில "கிணறு உண்டு, குடிப்பதில்லை" எண்டு பேனையால எழுதினன். எக்செல்ல ஏத்தேக்க அதுக்கு நிரல் இல்லை, "ஆம்" மட்டும் போச்சு. பெரியவரிட்டக் கேட்டன், "அடுத்த முறை பாப்பம் தம்பி" எண்டார்.

அண்டைக்கு ஆச்சி தேத்தண்ணி தந்தவ. மூலையில பில்டர் தண்ணிக் கானில அடிமட்டத்திலதான் தண்ணி கிடந்தது, அதைச் சரிச்சுப் பிடிச்சுத்தான் எனக்கு வார்த்தவ.