குலசை தசரா: வேஷம் கட்டி வரும் வேண்டுதல்

திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி போகும் சாலையில் சுமார் 13 கிலோமீட்டர் போனால் குலசேகரன்பட்டினம். சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் அது குலசைதான். அங்கே முத்தாரம்மன், ஞானமூர்த்தீஸ்வரரோடு ஒரே பீடத்தில் அருகருகே உட்கார்ந்திருக்கிறாள். புரட்டாசி நவராத்திரியில் கொடியேறியதும் வேண்டுதலுக்காக வேஷம் கட்டிக் காணிக்கை கேட்டு வரும் தசரா குழுக்கள் ஊர் ஊராகக் கிளம்பிவிடும்.

குரங்கு, குறத்தி, போலீஸ், ராஜா என்று எத்தனையோ வேஷங்கள். ஆனால் காளி வேஷத்துக்குத்தான் கட்டுப்பாடு அதிகம். பலர் 48 நாள் விரதம் இருக்கிறார்கள். ஒரு டீக்கடை வாசலில் ஒரு காளியைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சிவப்புச் சேலை, முதுகில் கட்டிய அட்டைக் கைகள், தலையில் கனத்த சடாமுடி. முகத்தில் பூசிய நீலம் வியர்வையில் கழுத்துவரை வழிந்திருந்தது. மீசையை மழித்த ஆண்தான் அவர். ஆனாலும் கடைக்காரர் எழுந்து நின்று, "வாங்கம்மா" என்று கும்பிட்டுத் தட்டில் காசு போட்டார். வேஷம் கட்டியபின் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அப்படி வீடு வீடாகக் கையேந்திய காசு முழுவதும் அம்மன் உண்டியலுக்குப் போகிறது. வசதியானவர்களும் வேண்டிக்கொண்டு பிச்சை எடுக்கிறார்கள். தலபுராணத்தைக் கேட்டபின் இது இன்னும் பொருத்தமாகப் பட்டது. வரமுனி என்ற முனிவர் தவ வலிமையின் ஆணவத்தில் அகத்தியரை அவமதிக்க, அவருடைய சாபத்தால் எருமைத் தலையோடு மகிஷாசுரன் ஆனாராம். அவன் கொடுமை தாங்காமல் தேவர்கள் முறையிட, அம்பிகை வந்து வதம் செய்கிறாள். ஆணவத்தால் விழுந்தவனின் கதையைக் கொண்டாட வருகிறவர்கள் கையேந்தி வருகிறார்கள்!

பத்தாம் நாள் நள்ளிரவில் கடற்கரையில் சூரசம்ஹாரம். கூட்டத்தில் கால் வைக்க இடமில்லை. சிம்ம வாகனத்தில் அம்மன் வர, சூரன் முதலில் தன் தலையோடும், பிறகு சிங்க முகமாக, எருமை முகமாக, கடைசியில் சேவலாகவும் மாறி மாறி வருகிறான். ஒவ்வொரு முறை சூலம் பாயும்போதும் மணலெல்லாம் ஒரே குலவைச் சத்தம்.

சம்ஹாரத்துக்கு மட்டும் போய்த் திரும்பிவிடாதீர்கள். இரண்டு நாள் முன்னதாகவே போய், பக்கத்துக் கிராமங்களில் குழுக்கள் வரும் தெருக்களில் நில்லுங்கள். சில்லறை கொஞ்சம் கையில் இருக்கட்டும்.