தோலுக்கு அடியில்

"அழுத்தினா வலிக்கும் டாக்டர்" என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள், அவர் ஜெல்லைக் குட்டி மேடாகக் குவித்து அதன்மேல் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவியை மிதக்கவிட்டிருந்தார். தோலில் படவே இல்லை. அழுத்தினால் தோல் நசுங்கி அளவு மாறிவிடுமாம்.

முன்கையில் ஒரு கட்டி. அம்மா அதைத் தடவித் தடவியே எத்தனையோ ராத்திரி தூங்கவில்லை.

திரையில் முதலில் வெளிச்சமாக ஒரு மெல்லிய கோடு. அது மேல்தோல். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் உள்தோல். அப்புறம் இருட்டு, அதுதான் கொழுப்பு. அந்த இருட்டுக்குள், தோலுக்கு இணையாகப் படுத்த மாதிரி ஒரு நீள்வட்டம். ஓரம் தெளிவாக, உள்ளே வெள்ளை இழைகள்.

"கொழுப்புக் கட்டிதான்மா."

இந்த ஸ்கேன் காதுக்குக் கேட்காத ஒலியால் படம் பிடிக்கிறது. வயிற்று ஸ்கேனுக்கு ஒலியின் அதிர்வெண் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20 முதல் 50 லட்சம் அதிர்வுகள், போதும். தோலுக்கு 20, அதற்கு மேலும் போவார்கள். அதிர்வெண் கூடக் கூட ஒலி ஆழம் போகாது, ஆனால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிடச் சின்னதும் பிரிந்து தெரியும். ஆழத்தை விட்டுக்கொடுத்து நுணுக்கத்தை வாங்குகிறார்கள். எனக்கு இது பெரிய அதிசயமாகப் படுகிறது.

ஒலித் துடிப்பால் தோலின் தடிமனை அளக்கலாம் என்ற ஆய்வு 1979-லேயே வந்துவிட்டது. சந்தேகமான கட்டி என்றால் இன்றும் சதை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் எல்லாருக்கும் கத்தி தேவையில்லை என்பதே எவ்வளவு பெரிய நிம்மதி!

ஜெல்லைத் துடைத்த பிறகும் அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வெள்ளைக் கோடு நானா?"