முடிச்சை நனைக்காமல் இறுக்காதீர்கள்

தூண்டில் நரம்பைப் பெரிய மீன் அறுத்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, முள்ளைக் கட்டிய முடிச்சை எச்சில் தொட்டு நனைத்து இறுக்கினீர்களா என்பதுதான். நைலான் நரம்பை உலர்ந்தபடியே இழுத்து இறுக்கினால் உராயும் சூட்டில் அந்த இடமே பலவீனமாகிவிடும், அப்புறம் மீனைக் குறை சொல்லிப் பயனில்லை. நானும் இப்படி இழந்திருக்கிறேன், எத்தனை என்று கேட்காதீர்கள்.

ரீலின் (நரம்பு சுற்றும் சக்கரம்) டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியை, நரம்பு தாங்கும் எடையில் கால்வாசிக்கு வைத்தால் போதும். 4 கிலோ நரம்பு என்றால் 1 கிலோ இழுப்பில் அது வழுக்கிக்கொடுக்க வேண்டும்; கையால் இழுத்துப் பார்த்து ஊகிக்காமல், ஒரு சின்னத் தொங்கு தராசை நரம்பு நுனியில் மாட்டி, ராடை (தூண்டில் கம்பை) வளைத்துப் பிடித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் டிராக்கைத் தளர்த்திவிடுங்கள், இறுக்கியே வைத்தால் உள்ளே இருக்கும் வாஷர்கள் நசுங்கிப்போகும்.

கடலில் பிடித்துவிட்டு வந்தால் ரீலை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும்.

முள் கூர்மையா? நகத்தில் லேசாக இழுங்கள். வழுக்கினால் தீட்டுங்கள் அல்லது மாற்றுங்கள். நைலான் நரம்புச் சுருளை வெயிலில் போடாதீர்கள், புற ஊதாக் கதிர் அதைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும்.